ஒன்றரை மடங்கின் புதிர்

கைபேசியில் லூடோ ஆடுகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சந்தேகம் உண்டு. எதிராளிக்கு ஆறு மேல் ஆறாக விழுகிறது; நம் காய் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவே மறுக்கிறது. “இந்த ஆப் ஏமாத்துது” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் ஆட்டம் முடிவதில்லை. நிஜப் பகடையாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது. கையில் குலுக்கித் தரையில் உருட்டுகிறோம், எப்படி விழும் என்று உருட்டியவருக்கே தெரியாது. கைபேசிக்குள் பகடை ஏது? சொன்ன கணக்கைச் சொன்னபடி செய்யும் ஒரு சில்லுதான் இருக்கிறது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் எத்தனை முறை கேட்டாலும் ஐந்து என்றே சொல்லும் அந்தச் சில்லு, எப்படித் தாயம் போடுகிறது?

ஏமாற்றுகிறதா என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். நேர்மையான ஒரு பகடையைப் பத்து முறை உருட்டினால், ஒரு முறைகூட ஆறு விழாமல் போவதற்கு நூற்றுக்குப் பதினாறு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் யாரோ ஒருவருக்கு அந்தக் கதி நேர்வது சகஜம். நேர்மையான பகடையே இப்படித்தான் நம்மை வாட்டும்.

இரண்டாவது சந்தேகம் ஆழமானது. விதியை மட்டுமே பின்பற்றத் தெரிந்த ஒன்றிலிருந்து, விதியே இல்லாததுபோன்ற வரிசை எப்படிப் பிறக்கிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான். கூட்டத் தெரிந்த எவரும் பேனாவும் தாளும் எடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நடுவிலிருந்து நான்கு இலக்கம்

1940-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் முதல் மின்னணுக் கணிப்பொறிகளில் அணுத்துகள்களின் ஓட்டத்தைக் கணக்கிட விரும்பினார்கள். துகள் இந்தப் பக்கம் திரும்புமா, அந்தப் பக்கமா என்று ஒவ்வோர் அடியிலும் ஒரு சீட்டுக் குலுக்கல் தேவைப்பட்டது. ஜான் வான் நாய்மன் ஒரு குறுக்குவழி சொன்னார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள். எட்டு இலக்க விடையின் நடுவிலுள்ள நான்கு இலக்கங்கள்தாம் அடுத்த எண்.

1234-இல் தொடங்கினால் பெருக்கல் 01522756 என்று வரும், நடுவில் 5227. அதைப் பெருக்கினால் 27321529, நடுவில் 3215. அடுத்து 3362. பார்வைக்கு நன்றாகவே கலைந்திருக்கிறது. வந்த விடையையே மறுபடி விதிக்குள் செலுத்தும் இந்த முறைக்கு ‘மீள்செயல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். விதிப்படி பிறந்தும் தற்செயல்போலத் தோற்றம் தரும் எண்கள் ‘போலித் தற்செயல்’ எண்கள். லூடோ ஆப்களும் இந்த வழியில்தான் போகின்றன. ஆட்டம் தொடங்கும்போது கடிகாரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டால் போதும், பிறகு நடப்பதெல்லாம் கணக்கு.

நாய்மனின் முறைக்கு ஒரு நோய் உண்டு. 2100-இல் வந்து நின்றால் அடுத்து 4100, பிறகு 8100, பிறகு 6100, மறுபடி 2100. செக்குமாட்டு ஓட்டம். 3792-இல் நின்றாலோ இன்னும் மோசம்: அதன் பெருக்கல் 14379264, நடுவில் மறுபடியும் 3792. இது நாய்மனின் கவனக்குறைவால் வந்த வினையல்ல. நான்கு இலக்கங்களில் எழுதக்கூடியவை மொத்தமே பத்தாயிரம் எண்கள். பத்தாயிரத்துக்கு மேல் அடிவைத்தால் ஏற்கெனவே மிதித்த எண் ஒன்றை மறுபடி மிதித்தே ஆக வேண்டும். மிதித்த கணத்திலிருந்து பழைய பாதைதான். எல்லை வகுத்த இடத்துக்குள் நடக்கும் எந்த மீள்செயலும் கடைசியில் சுழற்சியில்தான் விழும். இன்று பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று, 1997-இல் ஜப்பானியர்களான மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கியது. அதன் சுழற்சியின் நீளத்தை எழுதவே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். நடைமுறைக்கு அது ஏராளம். ஆனாலும் அது சுழற்சிதான்.

எல்லையே இல்லாமல் எண்களை வளரவிட்டால்? அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

பாதியைக் கூட்டு

இதைவிட எளிய விதி கிடைப்பது அரிது: எண்ணோடு அதன் பாதியைக் கூட்டு. இரட்டை எண்ணுக்குப் பாதி முழுதாக வரும். ஒற்றை எண்ணுக்கு அரை மிஞ்சும். அப்போது பாதியை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொள். 8-இன் பாதி 4, ஆகவே 8-க்கு அடுத்தது 12. 5-இன் பாதி இரண்டரை. அதை 3 என்று வைத்தால் 5-க்கு அடுத்தது 8. அவ்வளவுதான். ஒவ்வோர் அடியிலும் எண் சுமார் ஒன்றரை மடங்காகிறது.

1-இல் தொடங்கி முப்பது எண்களை எழுதுகிறேன்:

1, 2, 3, 5, 8, 12, 18, 27, 41, 62, 93, 140, 210, 315, 473, 710, 1065, 1598, 2397, 3596, 5394, 8091, 12137, 18206, 27309, 40964, 61446, 92169, 138254, 207381

எண்கள் பெரிதாவதில் மர்மம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பாருங்கள். ஒற்றைக்கு ‘ஒ’, இரட்டைக்கு ‘இ’ என்று குறித்தால்:

ஒ இ ஒ ஒ இ இ இ ஒ ஒ இ ஒ இ இ ஒ ஒ இ ஒ இ ஒ இ இ ஒ ஒ இ ஒ இ இ ஒ இ ஒ

முப்பதில் பதினைந்து ஒற்றை, பதினைந்து இரட்டை. சில இடங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக வருகிறது. சில இடங்களில் ஒரே ரகம் இரண்டு மூன்று சேர்ந்து வருகிறது. ஒரு காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்துக் குறித்த தாள் என்று சொல்லி இதை ஒருவரிடம் கொடுத்தால், அவர் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

விதியைக் கொஞ்சம் மாற்றினால் இந்த மாயம் மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காக்கினால் முதல் அடிக்குப் பிறகு எல்லாமே இரட்டை. மூன்று மடங்காக்கினால், ஒற்றையில் தொடங்கியது கடைசிவரை ஒற்றையாகவே இருக்கும். இந்த இரண்டு மந்தமான விதிகளுக்கும் பிறந்த குழந்தைதான் ஒன்றரை மடங்கு. மூன்றால் பெருக்கி இரண்டால் வகுக்கும் அந்தச் சிறு செயலில் எதுவோ கலைகிறது. அது என்ன என்று பார்ப்போம்.

எட்டு எண்கள், எட்டுத் தடங்கள்

1-இல் மட்டும் தொடங்காமல், 1 முதல் 8 வரை ஒவ்வோர் எண்ணிலும் தொடங்கி மூன்று எண்கள் எழுதுவோம்.

1, 2, 3 — ஒ இ ஒ
2, 3, 5 — இ ஒ ஒ
3, 5, 8 — ஒ ஒ இ
4, 6, 9 — இ இ ஒ
5, 8, 12 — ஒ இ இ
6, 9, 14 — இ ஒ இ
7, 11, 17 — ஒ ஒ ஒ
8, 12, 18 — இ இ இ

ஒ, இ இரண்டையும் வைத்து மூன்றெழுத்துத் தடங்கள் எட்டுத்தான் அமைக்க முடியும். அந்த எட்டும் இங்கே வந்துவிட்டன. ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இருமுறை வரவில்லை. மூன்று காசுகளைச் சுண்டினால் எட்டு விளைவுகளுக்கும் சம வாய்ப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதே சமத்துவம் காசே இல்லாமல் கைகூடியிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க, 1-இல் தொடங்கும் வரிசையையும் 9-இல் தொடங்கும் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 1, 2, 3, 5. மற்றது 9, 14, 21, 32. முதல் மூன்று இடங்களிலும் ஒற்றைக்கு ஒற்றை, இரட்டைக்கு இரட்டை. நான்காம் இடத்தில் 5 ஒற்றை, 32 இரட்டை. இப்போது இரு வரிசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள்: 8, 12, 18, 27. வித்தியாசமும் அதே ஒன்றரை மடங்கு விதிப்படி நடக்கிறது! இரு எண்களும் ஒரே ரகமாக இருக்கும்வரை அவற்றின் இடைவெளி ஒவ்வோர் அடியிலும் சரியாக ஒன்றரை மடங்காகிறது. ஒன்றரை மடங்காக்குவது என்றால் இடைவெளிக்குள் இருக்கும் இரண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்றை வைப்பது. 8-க்குள் இரண்டு மூன்று முறை பெருகி நிற்கிறது. மூன்று அடிகளில் மூன்றும் தீர்ந்து 27 என்ற ஒற்றை எண் மிஞ்சுகிறது. இடைவெளி ஒற்றையானால் இரு எண்களில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. அங்கே பாதை பிரிகிறது.

இடைவெளி எத்தனை முறை இரண்டால் வகுபடுமோ அத்தனை அடிகள் இரு வரிசைகளும் சேர்ந்து நடக்கும். அதற்கு அடுத்த இடத்தில் பிரிந்தே தீரும். எனக்கு இந்த அத்தியாயத்திலேயே பிடித்த உண்மை இதுதான். 1024 இடைவெளியுள்ள இரண்டு எண்கள் பத்து அடிகள் இரட்டையர்போல நடந்துவிட்டுப் பதினோராவது இடத்தில் முகம் திருப்பிக்கொள்ளும். ஒரு பேரெண்ணின் இடதுகோடியில், நாம் கவனிக்கவே மாட்டோம் என்ற இடத்தில் இருக்கும் சிறு மாற்றம்கூட, ஒவ்வோர் அடியாக நகர்ந்து வந்து ஒருநாள் ஒற்றை இரட்டையைத் தீர்மானித்துவிடும்.

எட்டுத் தடங்களின் மர்மமும் இதில் அவிழ்கிறது. 1 முதல் 8 வரை எந்த இரு எண்களின் வித்தியாசமும் எட்டைவிடக் குறைவு. அதற்குள் இரண்டு அதிகபட்சம் இரண்டு முறைதான் இருக்க முடியும். ஆகவே மூன்றாம் இடத்துக்குள் எந்த இரண்டும் பிரிந்துவிடும். எட்டு எண்களுக்கும் எட்டு வெவ்வேறு தடங்கள். இருக்கும் தடங்களோ எட்டே எட்டு. ஒவ்வொன்றும் ஒரு முறை வராமல் எங்கே போகும்? இதேபோல் 1 முதல் 1024 வரையுள்ள எண்கள், பத்தெழுத்துத் தடங்கள் 1024-ஐயும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

கணிதம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு விதி நினைவுக்கு வரும். ஒற்றைக்கு நம் விதியையே வைத்துக்கொண்டு, இரட்டை வந்தால் மட்டும் பாதியாகக் குறைப்பது என்று மாற்றினால் அதுதான் புகழ்பெற்ற கொலாட்ஸ் புதிர். எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்துவிடுமா என்பது கேள்வி. ஜெர்மானியரான லோதார் கொலாட்ஸின் பெயரைத் தாங்கிய அது, 1950-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் நடந்த உலகக் கணித மாநாட்டில் வாய்வழியாகப் பரவியது, இன்னும் தீரவில்லை. அங்கும் எட்டு எண்களுக்கு எட்டுத் தடங்கள் என்ற இதே சமத்துவம் உண்டு. 1976-இல் ரிஹோ டெராஸ் அதை வைத்துக்கொண்டுதான், ஏறக்குறைய எல்லா எண்களும் ஏதோ ஒரு கட்டத்தில் தாம் தொடங்கிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்று நிறுவினார்.

கையிருப்பு தீர்ந்த பிறகு

அப்படியானால் தற்செயலின் ஊற்று எது? இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். மேடைப் பேச்சுகளிலும் காணொளிகளிலும் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது.

1 முதல் 1024 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுக்கிறீர்கள். அந்த எண்ணில் தொடங்கிப் பத்து இடங்களின் ஒற்றை இரட்டையைக் குறிக்கிறீர்கள். கிடைப்பது பத்துக் காசுகளை நேர்மையாகச் சுண்டியதற்குச் சமம். நிரூபணம் மேலே இருக்கிறது. ஆனால் அந்தத் தற்செயலை விதி உண்டாக்கவில்லை. சீட்டைக் குலுக்கியபோதே அது தொடக்க எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. விதி அதை அடிக்கு ஒன்றாக எடுத்து வெளியே வைத்தது. பத்து அடிகளில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

பதினோராவது இடத்திலிருந்து என்ன ஆகும்? செலவழிக்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் வரிசை சலிக்காமல் அதேபோலக் கலைந்துகொண்டே போகிறது.

1-இல் தொடங்கிய நம் வரிசையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1 என்ற எண்ணுக்குள் என்ன கையிருப்பு இருக்கிறது? எந்தச் சீட்டையும் குலுக்கி அதை எடுக்கவில்லை. உலகத்திலேயே எளிய தொடக்கம் அது. எளிய தொடக்கமும் எளிய விதியும் சேர்ந்தால் எளிய வரிசைதான் வர வேண்டும் என்று நம் உள்ளம் எதிர்பார்க்கிறது. முப்பது எண்களுக்குள்ளேயே அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிடுகிறது. இந்தத் தற்செயல் வெளியிலிருந்து வரவில்லை. மூன்றும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள் என்ற ஒரே உண்மையிலிருந்து அது சுரக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். நம்புகிறேன் என்று சொல்வதற்குக் காரணம், இதில் ஒரு பாதியைத்தான் நிரூபிக்க முடிகிறது.

ஒருபோதும் திரும்பாது

நிரூபிக்க முடிந்த பாதி இது: இந்த ஒற்றை இரட்டைத் தடம் எந்தக் காலத்திலும் சுழற்சியில் விழாது. ஒரு கோடி எண்களுக்குப் பிறகாவது ‘இனி இந்தத் துண்டே திரும்பத் திரும்ப வரும்’ என்று சொல்லும்படி ஆகாது. நாய்மனின் முறையைப் பிடித்த நோய் இதைப் பிடிக்காது.

விழுகிறது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒவ்வொரு நூறு அடிக்கும் தடம் திரும்பத் தொடங்குகிறது. அந்த இடத்திலுள்ள எண்ணையும் அதிலிருந்து நூறு அடி தள்ளியிருக்கும் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் புறப்படும் தடங்கள் முடிவில்லாமல் ஒன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டு எண்கள் எத்தனை அடிகள் சேர்ந்து நடக்கும் என்பது அவற்றின் இடைவெளிக்குள் எத்தனை இரண்டுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. முடிவில்லாமல் சேர்ந்து நடக்க வேண்டுமானால் இடைவெளியை முடிவில்லாமல் இரண்டால் வகுத்துக்கொண்டே போக முடிய வேண்டும். பூஜ்யத்தைத் தவிர வேறெந்த எண்ணுக்கும் அது ஆகாது. இடைவெளி பூஜ்யம் என்றால் இரண்டும் ஒரே எண். நம் வரிசையிலோ ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடப் பெரியது. ஆகவே நாம் வைத்துக்கொண்ட பேச்சு தவறு.

எட்டுத் தடங்களை விளக்கிய அதே கருவி, முடிவின்மையைப் பற்றிய ஒரு கூற்றையும் நிறுவிவிட்டது. ஒற்றைகளும் இரட்டைகளும் தீராமல் வந்துகொண்டே இருக்கும் என்பதும் இதிலேயே அடங்கும். ‘இனி எல்லாம் இரட்டை’ என்பதும் ஒரு சுழற்சிதானே.

சரிபாதியா?

இப்போது அடுத்த கேள்வி. முப்பதில் பதினைந்து பார்த்தோம். வரிசையை நீட்டிக்கொண்டே போனால் ஒற்றைகளின் பங்கு சரிபாதியை நோக்கியே போகுமா?

போகும் என்று நம்பாத கணிதர் யாரும் இருக்க மாட்டார். நிரூபித்தவர் ஒருவரும் இல்லை. சுழலாது என்பதை ஒரு பத்தியில் நிறுவிவிட்ட நம்மால், சமம் என்பதன் வாசலைக்கூடத் தொட முடியவில்லை. எல்லாத் தொடக்க எண்களையும் சேர்த்துப் பார்த்தால் சமத்துவம் பளிங்குபோலத் தெளிவு. இந்த ஒரே ஒரு வரிசையைப் பற்றிக் கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுவழி ஒன்று இருப்பதுபோலத் தோன்றும். நம் வரிசைக்கு ஒரு நேரடிச் சூத்திரம் உண்டு. 1.6222705 என்று தொடங்கும் ஒரு பதின்ம எண்ணை எடுத்து, ஒன்றரையால் வேண்டிய தடவை பெருக்கி, புள்ளிக்குப் பிந்தியதை வெட்டிவிட்டால் நம் எண் அப்படியே வரும். 24 தடவை பெருக்கினால் 27309.48, வெட்டினால் 27309. மேலே உள்ள பட்டியலில் 1-இலிருந்து இருபத்து நான்கு அடி எண்ணிப் பாருங்கள், அது நிற்கும். 1991-இல் ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோவும் ஹெர்பர்ட் வில்ஃபும் இந்த எண்ணை ஆராய்ந்தார்கள். வட்டமாக நிற்பவர்களில் ஒவ்வொரு மூன்றாம் ஆளையும் வெளியேற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது யார் என்ற பழைய ஜோசிபஸ் புதிரிலிருந்து அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பதின்ம எண்ணின் இலக்கங்களைக் காண நமக்குத் தெரிந்த வழி, வரிசையையே ஓட்டிப் பார்ப்பதுதான். சூத்திரம் கேள்வியை விடுவிக்கவில்லை, வேறு உடையில் அதையே நம்மிடம் திருப்பித் தருகிறது.

விஜயராகவன் கண்டது

புள்ளிக்குப் பிந்திய பகுதியைப் ‘பின்னப் பகுதி’ என்று அழைப்போம். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போங்கள்: 1.5, 2.25, 3.375, 5.0625, 7.59375, 11.390625. பின்னப் பகுதிகள் முறையே .5, .25, .375, .0625, .59375, .390625. இவையும் நம் ஒற்றை இரட்டைபோலவே அங்குமிங்கும் தாவுகின்றன. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள பரப்பில் இவை மழைத்துளிபோலச் சமமாகப் பரவி விழும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பு. டச்சுக் கணிதர் கோக்ஸ்மா 1935-இல், ஒன்றைவிடப் பெரிய ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் இது உண்மை என்று நிறுவினார். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைத் தொட்டால் அது அப்படிப்பட்டதாகவே இருக்கும். ஆனால் ஒன்றரை அப்படிப்பட்டதா என்பதற்கு அவருடைய நிரூபணத்தில் பதில் இல்லை.

ஒன்றரையைப் பற்றி முதலில் உறுதியாக ஒன்றைச் சொன்னவர்களில் ஒருவர் தி. விஜயராகவன். தென்னார்க்காட்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் பயின்றவர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஒன்றரையின் அடுக்குகளின் பின்னப் பகுதிகள் ஏதோ சில இடங்களைச் சுற்றி மட்டும் குவிந்துவிடாது, அவை குவியும் இடங்கள் எண்ணற்றவை என்று 1940-இல் அவர் காட்டினார். சமமாகப் பரவும் என்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம். ஆனால் முதல் உறுதியான தரை அது. அந்தத் தரையிலிருந்து நாம் அதிகம் நகர்ந்துவிடவும் இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1995-இல், ஃபிளாட்டோ, லகாரியாஸ், பாலிங்டன் மூவரும் இந்தப் பின்னப் பகுதிகள் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறுகலான இடைவெளிக்குள் அடங்கிவிடாது என்று நிறுவினார்கள். பாதிக்குள்ளாவது அடங்குமா, அடங்காதா என்பது இன்றும் திறந்தே கிடக்கிறது.

வல்லத்துக்காரரின் சூத்திரம்

ஒன்றரையின் பின்னப் பகுதி எங்கே விழுந்தால் யாருக்கு என்ன என்று கேட்பவர்களுக்குக் குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள வல்லத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1901-இல் அங்கே பிறந்த சு. சி. பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் வேரிங் புதிரைக் கையிலெடுத்தார். எந்த முழு எண்ணையும் ஒரே அடுக்கின் எண்களைக் கூட்டி எழுத அதிகபட்சம் எத்தனை வேண்டும் என்ற கேள்வி அது.

23 என்ற எண்ணைக் கன எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். கன எண்கள் 1, 8, 27 என்று போகின்றன. 27 பெரிது, ஆகவே 8-ஐயும் 1-ஐயும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இரண்டு எட்டு 16, மீதிக்கு ஏழு ஒன்று. மொத்தம் ஒன்பது. எந்த எண்ணையும் எழுத ஒன்பது கன எண்கள் போதும் என்பது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நான்காம் அடுக்குக்கு இதே தொல்லையைத் தரும் எண் 79: 81-ஐ எட்டாததால் நான்கு பதினாறும் பதினைந்து ஒன்றும் தேவை, மொத்தம் பத்தொன்பது. எல்லா எண்களுக்கும் பத்தொன்பது போதும் என்று 1986-இல்தான் முடிவானது. அதைச் செய்தவர்கள், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியனும் பிரான்சின் தெஷூயே, திரெஸ் இருவரும்.

இந்தத் தொல்லை எண்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுக்கிறோம். அதாவது ஒன்றரையின் அடுக்கைத்தான் பார்க்கிறோம். 27-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 3. எட்டோடு மூன்றைக் கூட்டி இரண்டைக் கழித்தால் 9. 81-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 5. பதினாறும் ஐந்தும் சேர்ந்து இரண்டு போக 19. ஆறாம் அடுக்குக்கு 64-உம் 11-உம் சேர்ந்து இரண்டு போக 73. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதை 1940-இல் பிள்ளை தாமே நிறுவினார். அதற்கு முன்பே, 1930-களின் நடுவில், உயர் அடுக்குகளுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தும் என்று அவரும் அமெரிக்காவில் டிக்சனும் தனித்தனியே காட்டியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்த வகுத்தலில் வரும் மீதியையும் ஈவையும் கூட்டினால் இரண்டின் அடுக்கைத் தாண்டக் கூடாது. ஐந்தாம் அடுக்கில் 243-ஐ 32-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 19; கூட்டினால் 26. 32-ஐத் தாண்டவில்லை, சூத்திரம் தப்பித்தது. மீதி மிகப் பெரிதானால், அதாவது ஒன்றரையின் அடுக்கின் பின்னப் பகுதி ஒன்றுக்கு வெகு அருகில் போய் நின்றால், சூத்திரம் மாறிவிடும்.

பின்னப் பகுதிகள் தற்செயல்போலவே விழுகின்றன என்று நிரூபிக்க முடிந்திருந்தாலாவது, அப்படி ஓர் அடுக்கு வருவது எவ்வளவு அரிது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு அதைத் தொடர வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 31-இல், அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். கொலாட்ஸின் புதிர் வாய்வழியாகப் பரவிய அதே கேம்பிரிட்ஜ் மாநாடு அந்த வாரத்தில்தான் தொடங்கியிருந்தது. அதில் கலந்துகொள்ளத்தான் அவர் போய்க்கொண்டிருந்தார்.

பிள்ளையின் நிபந்தனையை மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவற்றின் எண்ணிக்கை முடிவுள்ளதே என்று குர்ட் மாலர் 1957-இல் நிறுவினார். 1990-இல் குபினாவும் வுண்டர்லிக்கும் கணிப்பொறியை ஓட்டி 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை சோதித்தார்கள். மீறல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த அடுக்கோடு தேடலை நிறுத்தலாம் என்பதை மாலரின் நிரூபணம் சொல்வதில்லை. அது எண்ணிக்கைக்கு முடிவு உண்டு என்கிறதே தவிர, இடத்தைக் காட்டுவதில்லை. எல்லா அடுக்குகளுக்கும் பிள்ளையின் சூத்திரம் செல்லும் என்று எழுத வேண்டுமானால், மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுக்கும்போது மீதி எவ்வளவு தூரம் பெருக முடியும் என்று யாராவது கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.